கருத்தடைக்குக் கணக்கு உண்டு, கஞ்சிக்கு இல்லை

அஸ்தம்பட்டிவாசி:
உள்ளாட்சி நாய்க் காப்பகங்களில் வேலை பார்த்தவர்கள், உதவப் போனவர்கள், தொலைந்த நாயைத் தேடிப் போனவர்கள் எழுதுங்கள். திட்டுவதற்கு மட்டும் வருகிறவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன.

கணக்குப்பிள்ளை:
சேலம் மாவட்டத்தில் அப்படி ஒரு காப்பகத்துக்குக் கணக்கெழுதியவன் நான். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஓய்வூதியத்தை நம்பிப் பிழைப்பவன்.

பலகையில் காப்பகம் என்றிருக்கும். உண்மையில் அது கருத்தடைக் கூடம். பிடித்து வந்த நாய்க்கு அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, புண் ஆறும்வரை வைத்திருந்து, பிடித்த தெருவிலேயே கொண்டுபோய் விடுவதுதான் வேலை. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 சொல்வதும் அதைத்தான். பணமும் அந்தக் கணக்கிலேயே வரும், ஓர் அறுவைக்கு இவ்வளவு என்று. மயக்க மருந்து, தையல் நூல், வண்டிக்கு டீசல், வலை வீசுபவர் கூலி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் அடங்கும்.

அடங்காதது, திரும்பிப் போக முடியாமல் தங்கிவிடும் நாய். லாரி ஏறி இடுப்பு ஒடிந்தது, கண் போனது, ஆசையாக வளர்த்தவர்களே இரவோடு இரவாக வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போனது. இவற்றை எந்தத் தெருவில் விடுவது? குணமாகாத நோய், பிழைக்க வழியில்லாத காயம் என்றால்தான் கருணைக்கொலைக்கு இடம் உண்டு. நடக்க முடியவில்லை என்பது அதற்குக் காரணம் ஆகாது, ஆகவும் கூடாது. ஆக நாய் உயிரோடு இருக்கும், இருந்தால் தின்னும். அந்தத் தீனிக்குச் செலவினத் தலைப்பு, அதாவது பட்ஜெட்டில் பணம் ஒதுக்கும் தனி இனம், கிடையாது.

லீ பஜாரில் நொய் வாங்குவோம். கறிக்கடைகளில் சும்மா கிடைக்கும் கோழிக் கழுத்தும் காலும் போட்டு, கொஞ்சம் மஞ்சள் தூவி, அண்டாவில் கஞ்சி காய்ச்சுவார் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர். அது அவருடைய வேலையே இல்லை. இடுப்பு ஒடிந்த கறுப்பு நாய் ஒன்று முன்னங்கால்களால் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் மற்றவை தட்டை நக்கி முடித்துவிடும். அதனால் அதன் கஞ்சியை மட்டும் முதலிலேயே எடுத்து ஆற்றி, மூலைக்குக் கொண்டுபோய் வைப்பார். சிமெண்டுத் தரை தோலை உரித்துவிடுகிறது என்று பழைய சாக்கை மடித்து அதன் பின்புறத்தில் கட்டிவிடுவார். சாக்கு நனைந்தால் மாற்றுவார். மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பைவிட அந்தச் சாக்குதான் அதிகம் வேலை செய்தது.

தணிக்கைக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "பிடித்த நாயையெல்லாம் வெளியே விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அப்படியானால் இந்த நொய்யை யார் தின்றார்கள்?" கேள்வியில் தப்பில்லை. ரசீது தணிக்கைத் தடையில் விழுந்தது, அதாவது அந்தச் செலவை ஏற்கவில்லை. அதன்பின் நொய் எந்தப் பெயரில் வந்தது என்பதை நான் இங்கே எழுத மாட்டேன்.

கன்னங்குறிச்சிக்காரி:
ஐயா சொன்னதில் பாதியைக் கண்ணால் பார்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூண்டு கழுவப் போவேன்.

குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தடுப்பூசி போடாத குட்டிக்கு அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அங்கே வாங்கித் தரும் பினாயிலுக்கு அது அசையாது. மலத்தை முதலில் வழித்தெடுத்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றி, பத்து நிமிடமாவது ஊறவிட்டுத்தான் கழுவ வேண்டும். அதற்குத் தண்ணீர் வேண்டுமே! சித்திரை வெயிலில் குடிக்க வைக்கவே தொட்டியில் பார்த்துப் பார்த்து மொள்வார்கள். பெட்டியில் வந்த குட்டிகள் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். பால் குடிக்கும் குட்டிகளைத் தாயோடு தெருவிலேயே விடுங்கள். வாசலில் கொண்டுபோய் வைப்பது புண்ணியம் இல்லை.

மலைக்காரன்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் காரை ஓரங்கட்டி நாயை இறக்கிவிட்டுப் போகிறார்கள். மலை குளிர்ச்சியாக இருக்கும், பிழைத்துக்கொள்ளும் என்ற நினைப்பு போலும். ஒரு ஹஸ்கி சாதி நாயை நானும் டீக்கடை அண்ணனும் பிடித்து, வாடகை வண்டியில் அடிவாரத்துக்குக் கொண்டுபோனோம். காப்பகத்தில் கேட்ட முதல் கேள்வி: "எங்கள் எல்லைக்குள் பிடித்ததா?" கோபம் வந்தது. கணக்குப்பிள்ளை எழுதியதைப் படித்த பிறகு, அந்த ஆள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. நாய் இப்போது டீக்கடையில்தான் இருக்கிறது. ஊருக்கே உறவாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
தம்பி, அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் தங்கும் நாய்களில் ஒன்று கூடியிருக்கும். மேலிருந்து மெமோ வந்திருக்கும்.

இனி இது பெருகும். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைப் பாருங்கள். பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு அரங்கம், பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது. அதாவது, அப்படி வருகிறவை எல்லாம் தங்கும் நாய்கள். மன்றக் கூட்டத்தில் கூண்டு கட்டப் பணம் ஒதுக்கிவிடுவார்கள். கூண்டுக்குத் திறப்புவிழா நடத்தலாம். கஞ்சிக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது, தீனிக்கும் இரவுக் காவலாளுக்கும் தனித் தலைப்பு போட்டாயிற்றா என்று கேளுங்கள்.

உதவ நினைக்கிறவர்கள் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நான் இருந்த இடத்தில் அதற்கு ரசீது போடவே வழியில்லை. பிஸ்கட் பாக்கெட்டும் வேண்டாம். நொய் மூட்டையாகவே இறக்கிவிடுங்கள். பழைய சாக்கு இருந்தால் அதையும்.