கயாக்கில் ஃபிஷ் ஃபைண்டர்: டிரான்ஸ்டூசரை உள்ளே ஒட்டுவதா, வெளியே இறக்குவதா?

அலைவாய்:
அனைவருக்கும் வணக்கம். மேலே அமர்ந்து ஓட்டும் வகையில் 12 அடி பாலிஎத்திலீன் கயாக் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். பெரும்பாலும் சென்னைக்குத் தெற்கே உள்ள முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுகிறேன். கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கோவளம் கரையிலிருந்து 10, 15 மீட்டர் ஆழம் வரை சென்று பாறை மீனும் களவா மீனும் தேடுகிறேன். 5 அங்குலத் திரையுள்ள எளிய சோனார் (ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் நீருக்கடியில் இருப்பதைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர்) ஒன்றும், பக்கவாட்டிலும் படம் காட்டும் 9 அங்குலக் கருவி ஒன்றும் என் பார்வையில் உள்ளன. கடைக்காரர் பெரியதையே வாங்கச் சொல்கிறார். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டூசரை எங்கே பொருத்துவது என்பதுதான் எனக்குப் பெரிய குழப்பம்.

பார்தேடி:
தம்பி, திரையின் அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன், நீங்கள் எப்படிக் கரையேறுகிறீர்கள் என்று யோசியுங்கள். கோவளத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் திரும்பி வர வேண்டும். அங்கே கயாக் குறுக்கே திரும்பி மணலில் இழுபடுவது எப்போதாவது நடக்கும் விபத்தல்ல, வாடிக்கையாக நடப்பது. அடிப்பாகத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் அந்த இடத்தில் தப்பாது. ஆகவே டிரான்ஸ்டூசரை உள்பக்கம், அடித்தட்டோடு ஒட்டிவிடுவதே சரி.

பிளாஸ்டிக் வழியாக ஒலி போகுமா என்று கேட்பீர்கள். பாலிஎத்திலீனும் நீரும் ஒலியைக் கடத்துவதில் ஓரளவு நெருக்கமானவை என்பதால், 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி சிறிதளவே வலுவிழந்து வெளியேறும். காற்றுதான் எதிரி. பசைக்குள் மெல்லிய காற்றுப் படலம் சிக்கிக்கொண்டாலும் ஒலி ஏறக்குறைய முழுவதும் அங்கேயே திரும்பிவிடும். என் முதல் கயாக்கில் அதுதான் நடந்தது. எத்தனை ஆழத்துக்குப் போனாலும் திரை அரை மீட்டருக்கும் முக்கால் மீட்டருக்கும் இடையே துடித்துக்கொண்டிருந்தது. பெயர்த்தெடுத்துப் பார்த்தபோது பசையின் நடுவே கடுகளவில் ஏழெட்டுக் குமிழிகள் வெள்ளையாகத் தெரிந்தன. இரண்டாம் முறை டிரான்ஸ்டூசரைச் சற்றே திருகியபடி அழுத்தி, பசை நான்கு ஓரங்களிலும் பிதுங்கி வரும்வரை காத்திருந்தேன். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை.

கழிமுகன்:
பார்தேடி அண்ணன் கடலை மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுகிறார். கேள்வி கேட்டவரோ பெரும்பாலான நாட்கள் கழியில்தான் இருக்கிறார். 20 பாகைக் கூம்பாக இறங்கும் ஒலி, 2 மீட்டர் ஆழத்தில் தரையைத் தொடும்போது வெறும் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தையே காணும். அதாவது உங்கள் கயாக்கின் அகலத்துக்குள் அடங்கும் இடம். அங்கே ஒரு கொடுவா இருந்தாலும், கயாக்கின் நிழலும் துடுப்பின் ஓசையும் பட்டவுடன் அது விலகியிருக்கும். கழியில் நீங்கள் தேட வேண்டியவை மூழ்கிக் கிடக்கும் மரம், பழைய பாலத்தின் கல், வாய்க்கால் ஆழம் மாறும் விளிம்பு ஆகியவை. அவை உங்களுக்கு இருபுறமும் இருக்கின்றன, கீழே அல்ல. பக்கவாட்டுப் படம் இல்லாமல் அவற்றைக் காண முடியாது. 455, 800 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்களில் இயங்கும் அந்தப் படத்தை அடித்தட்டு வழியாக எடுக்க முயன்றால் மங்கிப்போகும். பக்கவாட்டுக் கற்றைகளைக் கயாக்கின் உடலே மறைத்தும் விடும். எனவே விளிம்பில் கம்பம் பொருத்தி, டிரான்ஸ்டூசரை நீருக்குள் இறக்குங்கள். உள்ளே ஒட்டினால் நீரின் வெப்பநிலையும் சரியாகக் கிடைக்காது. அடித்தட்டின் வெப்பத்தைத்தான் அது காட்டும்.

பார்தேடி:
வெப்பநிலை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கவாட்டுப் படம் தெளிவாக வர வேண்டுமானால் படகு நேர்கோட்டில், ஒரே சீரான வேகத்தில் போக வேண்டும். கைத்துடுப்பால் வலிக்கும் கயாக்கின் மூக்கு ஒவ்வொரு வலிப்புக்கும் இடமும் வலமும் அசைகிறது. அந்த அசைவு படத்தில் நெளிவாக விழுகிறது. காலால் மிதித்து ஓட்டும் கயாக்காக இருந்தால் உங்கள் வாதத்துக்கு வலு உண்டு; இவரிடம் இருப்பது துடுப்பு.

கடலைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அதே 20 பாகைக் கூம்பு மூன்றரை மீட்டர் வட்டத்தைக் காட்டுகிறது. மீனைக் காண்பதற்காக நாம் இக்கருவியை வைத்திருக்கவில்லை. பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எங்கே தொடங்குகிறது என்பதை அறியவே வைத்திருக்கிறோம். சேற்றுத் தரை மெல்லிய, மங்கிய கோடாக வரும். பார் வந்தால் கோடு தடித்துப் பிரகாசமாகும். கடினமான தரையில் பட்ட ஒலி மேலே நீர்மட்டத்தில் மோதி மீண்டும் கீழே போய் வருவதால், இரு மடங்கு ஆழத்தில் இரண்டாவது தரை ஒன்றும் தோன்றும். இந்த இரட்டைக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு 5 அங்குலத் திரையே போதும்.

ஈயக்குண்டு:
பார் தேடக் கருவியே வேண்டுமா என்று கேட்கிறேன். கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் ஒரு நேரில் வைத்து, வேறு திசையில் இன்னொரு நேரும் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கியவர்கள் நம் கடற்கரைப் பெரியவர்கள். ஆழம் பார்க்கக் கயிற்றில் கட்டி இறக்கும் ஈயக்குண்டின் அடியில் பூசிய மெழுகில் ஒட்டி வருவது மணலா சேறா என்பதை வைத்தே தரையை அறிந்தவர்களும் உண்டு. அதைக் கற்றுக்கொண்ட பிறகு கருவி வாங்கினால், கருவி காட்டுவது சரியா என்று சோதிக்கவும் உங்களுக்கு ஒரு வழி இருக்கும்.

கழிமுகன்:
ஈயக்குண்டு ஐயா சொல்வதை மதிக்கிறேன். கலங்கிய கழியில் ஒவ்வோர் இரண்டடிக்கும் குண்டு இறக்கிக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும்தான் என் தரப்பு. துடுப்புப் பற்றி அண்ணன் சொன்னதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் இரண்டு வலிப்புக்குப் பின் துடுப்பை நிறுத்தி, கயாக் தானாக வழுக்கிச் செல்லும் அந்தப் பத்துப் பதினைந்து மீட்டரில் எனக்குத் தெளிவான படம் கிடைக்கிறது. கம்பத்தை அலைக்குள் நுழையும் முன் மேலே தூக்கிவிடலாம். தூக்க மறந்தால் இழப்புத்தான், அதை மறைக்கவில்லை.

மின்கலம் பற்றி யாரும் பேசவில்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய மின்கலம் இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. அதில் சேர்ந்த மின்சாரத்தில் பாதிக்கு மேல் அடிக்கடி செலவழித்தால் ஆயுள் குறையும். சிறிய கருவி முக்கால் ஆம்பியர் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்கு நாலரை ஆம்பியர்-மணி ஆகிவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் 10 ஆம்பியர்-மணியிலும் ஈயத்தைவிட எடை குறைவு. நேர்மின் கம்பியில், மின்கலத்துக்கு மிக அருகில், கருவியின் கையேடு சொல்லும் அளவில் ஃபியூஸ் போடுங்கள். உப்புநீர் பட்ட இணைப்பு முதலில் பச்சையாகும், பிறகு சூடாகும்.

அலைவாய்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். பார்தேடி அண்ணன் சொன்னபடி 5 அங்குலக் கருவியை வாங்கினேன். ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தேன்: அடித்தட்டில் மேடுபள்ளமில்லாத, நுரை இல்லாத இடத்தில், நீர் நிரப்பி இறுகக் கட்டிய பிளாஸ்டிக் பையின்மேல் டிரான்ஸ்டூசரை வைத்து அமைதியான ஒரு காலையில் கடலுக்குள் சென்றேன். கருவி 10.6 மீட்டர் என்றது. ஈயக்குண்டுக் கயிறு 11 மீட்டரில் தரையைத் தொட்டது. நீவாட்டில் (நீரோட்டத்தில்) கயிறு சாய்ந்திருந்ததால் அந்த வேறுபாடு வந்தது என்று நினைக்கிறேன். நேற்று ஒட்டிவிட்டேன்.

கழிமுகன்:
நல்லது தம்பி. கழியில் ஒரு மாதம் பயன்படுத்திய பின், மூழ்கிய மரம் ஒன்றையாவது கயாக் அதன்மேல் ஏறும் முன் கண்டீர்களா என்று எழுதுங்கள். காணவில்லை என்றால் என் கம்பத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.

பார்தேடி:
பசை முழுதாக இறுக இரண்டு நாள் விடுங்கள். அதுவரை கயாக்கை வெயிலில் கவிழ்த்து வைக்க வேண்டாம். பையில் கிடைத்த அதே எண் ஒட்டிய பிறகும் அதே இடத்தில் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.