காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்: கையேட்டுக்கு எந்தச் சொல்?

டர்பனிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் அறிவியல் கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அறைகளுக்குள் காற்றில் உலவும் நுண்ணுயிர்களைக் கண்காணிக்கும் பாடத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. ‘உயிர்த்தூசி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பாக்டீரியா, பூஞ்சை வித்து, மகரந்தம், செத்த உயிரணுவின் சிதைவு ஆகிய அனைத்தையும் அது அடக்கும் என்பது என் எண்ணம்.

டோங்காட்டிலிருந்து:

ஐயா, தூசி என்றதும் படிந்து கிடப்பதுதான் நினைவுக்கு வருகிறது; நாம் பேசுவதோ மிதந்து திரிவதை. ‘வளிநுண்ணுயிர்’ என்பதே செம்மையான சொல். புறநானூற்றின் இரண்டாம் பாட்டு ‘விசும்பு தைவரு வளி’ என்கிறது. தைவருதல் தடவிச் செல்லுதல் ஆதலால், அசைவு அச்சொல்லோடு ஒட்டியே வருகிறது. காற்றுக்கும் ‘கால்’ என்பதே வேர். ஆயினும் ‘காலுயிர்’ என்றால் பிள்ளைகள் பாதத்தை நினைப்பார்கள் என்பதால் அதை வற்புறுத்தவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அம்மா, வளி எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் குறளின் மருந்து அதிகாரத்தில் ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்னுமிடத்தில் அது வாதத்தைக் குறிக்கிறது. உடல்நலப் பாடத்தில் அதை வைத்தால், சித்த மருந்து அறிந்த பாட்டி ஒருவர் வாதநோய்க் கிருமி என்றே படிப்பார்.

என் பெரிய கவலை ‘கண்காணிப்பு’ என்பதில் இருக்கிறது. வகுப்பில் நாம் செய்யப்போவது, அகர் என்னும் ஊட்டக்கூழ் ஊற்றிய பெட்ரித் தட்டைத் (ஆழமற்ற வட்டத் தட்டு) தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஒரு மணி நேரம் திறந்து வைத்து, பின்னர் அதில் முளைத்த நுண்ணுயிர்ப் புள்ளிகளை எண்ணுவது மட்டுமே. அதில் பெரும்பாலும் விழுவன பெரிய துகள்கள். அசைவற்ற காற்றில் 10 மைக்ரோமீட்டர் துகள் ஒரு மீட்டர் இறங்கச் சில நிமிடங்கள் போதும். 1 மைக்ரோமீட்டர் துகளுக்குப் பல மணி நேரம் ஆகும். 1958-இல் ஆண்டர்சன் விவரித்த ஆறடுக்குக் கருவியைப் போல நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்துத் தட்டுகளில் மோதவிட்டால்தான் கன மீட்டருக்கு இத்தனை என்று சொல்ல முடியும். அப்போதும் அந்த ஊட்டத்தில் வளரக்கூடியவை மட்டுமே கணக்கில் வரும். காசநோய்க் கிருமி சாதாரண அகரில் முளைக்காது. அதற்குரிய ஊட்டத்திலும் வாரக்கணக்கில் ஆகும்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் உள்ள துகேலா ஃபெரியில் மருந்துக்கு அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்ததாக 2006-இல் அறிந்த மாகாணம் நம்முடையது. தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை, ஆகவே காற்று தூய்மையானது என்று நம்பி ஒரு பிள்ளை சன்னலைச் சாத்திவிடக் கூடாது. தலைப்பு ‘காற்றுவழி நுண்ணுயிர்’ என்றிருக்கட்டும். உள்ளே, தட்டைத் திறந்து வைப்பதைப் ‘படிவுத் தட்டுச் சோதனை’ என்றும், காற்றை இழுத்து அளப்பதைக் ‘காற்று மாதிரி அளவீடு’ என்றும் இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும்.

டோங்காட்டிலிருந்து:

படிவுத் தட்டை மனமார ஏற்கிறேன். ‘காற்றுவழி’ பரவும் பாதையைச் சொல்கிறதே தவிர, மிதந்து நிற்கும் நிலையைச் சொல்லவில்லை. வாதத்தோடு குழம்பும் என்றால் ‘வளிமிதவை’ என்று தெளிவாக்கலாமே.

டர்பனிலிருந்து:

எழுதியவர்களில் பெரும்பாலோர் ‘காற்றுவழி நுண்ணுயிர்’ பக்கம் நிற்பதால் தலைப்பை அவ்வாறே அச்சுக்கு அனுப்புகிறேன். அம்மையாரின் ‘வளிமிதவை’ அருஞ்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும். சன்னலைப் பற்றிய எச்சரிக்கையைச் சோதனை முறைக்கு முன்பாகவே, தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.