ஃபகராவா: ஜூலையா, மேயா?

வாணி_ஆக்லாந்து:
2026 ஜூலையில பிரெஞ்சு பாலினேசியாவுல இருக்கிற ஃபகராவா பவளத்தீவுக்குப் போகலாம்னு இருக்கோம். நான், கணவர், பத்து வயசுப் பையன், 64 வயசு அம்மா. நாங்க ரெண்டு பேரும் ஸ்கூபா பண்ணுவோம், அம்மா தண்ணியில இறங்க மாட்டாங்க. பையனுக்கு ஜூலை 4லேர்ந்து 19 வரைக்கும் லீவு. தீவு வளையத்துக்குள்ள கடல் தண்ணி போய் வர்ற தெற்கு முகத்துவாரத்துல களவா மீன் கூட்டங்கூட்டமா முட்டையிட வருமாமே, அதைப் பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஜூலை 8 முதல் 15 வரைக்கும் டிக்கெட் போட்டுடலாமா?

கடலோடி:
போட்டுடாதீங்க வாணி. மாசத்தை விடுங்க, பௌர்ணமியைப் பாருங்க. ஜூன், ஜூலை பௌர்ணமியை ஒட்டித்தான் களவா அங்க வந்து சேரும். 2026ல அது ஜூன் 29, அடுத்தது ஜூலை 29. நீங்க சொல்ற வாரத்துல வர்றது அமாவாசை. ஜூன் பௌர்ணமி ஆக்லாந்து காலண்டர்ல ஜூன் 30னு இருக்கும், குழம்பிடாதீங்க. தேதிக்கோட்டைத் தாண்டினா அங்க 29.

ஏறத்தாழ 17,000 களவா, 700 சாம்பல் சுறான்னு பிரெஞ்சு ஆராய்ச்சிக் குழு எண்ணியிருக்கு. நான் போனப்போ முழத்துக்கு ஒண்ணுன்னு தரை முழுக்கக் களவா. ஒண்ணுக்குச் செவுள் பக்கம் தோல் பிஞ்சு வெள்ளையாத் தெரிஞ்சது. பெண்ணுக்காக ஆண் மீன்கள் ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். என் நிழல் மேல விழுந்தும் அது இடத்தை விட்டு நகரலை. அதுக்கு மேல நீரோட்டத்தை எதிர்த்துச் சுறாக்கள் வரிசையா அப்படியே நின்னுட்டிருந்தது. இதை விட்டுட்டு வேற வாரத்துல போறதுக்கு எனக்கு மனசே வராது.

பாய்மரம்:
களவா விஷயத்துல கடலோடி சொல்றது சரி. ஆனா போறது நாலு பேர், அதுல ரெண்டு பேருக்கு அந்தக் காட்சியே கிடையாது. ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் தென்கிழக்குக் காத்து வீசும், அங்க மராஆமுன்னு சொல்வாங்க. பிடிச்சா நாள்கணக்கா விடாது. தீவு வளையத்துக்கு நடுவுல இருக்கிற காயல் 60 கிலோமீட்டர் நீளம், வடமேற்கிலிருந்து தென்கிழக்கா நீண்டு கிடக்கு. விமான நிலையமும் ரோத்தோஆவா ஊரும் வடக்கு முனை, களவா வர்ற முகத்துவாரம் தெற்கு முனை. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல எதிர்காத்துல படகு, ஒவ்வொரு அலைக்கும் தூக்கித் தூக்கிப் போடும்.

ஒரு ஜூலையில நான் பாய்மரப் படகுல வேலை பார்த்தேன். ஊர் முன்னாடி நங்கூரம் நிக்கலை. தென்கிழக்கு மூலையில இருக்கிற ஹிரிஃபாவுக்கு ஓடி அஞ்சு நாள் ஒதுங்கிக் கிடந்தோம். அந்தக் காத்துல அம்மாவை ஏத்துவீங்களா? மே மாசம் போங்க. மழைக்காலம் முடிஞ்சிருக்கும், தண்ணியும் இன்னும் கதகதப்பா இருக்கும். சுறா வருஷம் முழுக்க அங்கதான் இருக்கு.

கடலோடி:
அவங்க கேட்டது களவாவை. மேயில சுறாவைப் பார்த்துட்டுத் திரும்பினா அந்த ஆசை அப்படியேதான் இருக்கும். அம்மாவை தினம் படகுல ஏத்த வேண்டாம். தெற்கில டெட்டமானுவிலேயே தங்கலாம், விடுதி முகத்துவாரக் கரையிலேயே இருக்கு. பக்கத்துல பவளக்கல்லுல கட்டின பழைய தேவாலயம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அவ்வளவுதான் படகு.

பாய்மரம்:
அங்கதான் எனக்குப் பயமே. டைவிங்ல ஏதாவது ஆச்சுன்னா அதுக்குச் சிகிச்சை தர்ற அழுத்த அறை இருக்கிறது தஹிட்டித் தீவுல, 450 கிலோமீட்டர் தள்ளி. விமானம் ஏறவே காயலைக் கடந்து வடக்கே வரணும். அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கீழ, பையன் பாட்டிகூடக் கரையில. இதை யோசிச்சீங்களா?

நீலா:
நான் பாய்மரம் பக்கம்தான், ஆனா காரணம் வேற. அது அந்த மீனுக்குப் பிள்ளைப்பேறு நடக்கிற இடம். ஃபகராவாவும் சுத்தியிருக்கிற தீவுகளும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். போகத்தான் போறீங்கன்னா தரையில கை ஊன்றாதீங்க, ஃபிளாஷ் அடிக்காதீங்க, துரத்தாதீங்க. கடல் தண்ணி உள்ள வர்ற ஏற்றத்துல மட்டும் இறக்குற வழிகாட்டியாப் பாருங்க. வற்றத்துல நீரோட்டம் ஆளை வெளிக்கடலுக்குத் தள்ளிடும்.

வாணி_ஆக்லாந்து:
ரெண்டு நாளா வீட்டுல இதே பேச்சுதான். பள்ளிக்கூடத்துல ஒரு வாரம் முன்னாடியே லீவு கேட்டு எழுதியிருக்கேன். ஜூன் 26லேர்ந்து ஜூலை 4 வரைக்கும் ஃபகராவா. பாய்மரம் சொன்ன பிறகு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இறங்கப் போறதில்ல, ஒருத்தர் மாத்தி ஒருத்தர். அம்மாகிட்ட காத்தைப் பத்தி எல்லாம் சொன்னேன். "ராமேஸ்வரத்துல பொறந்தவ நான், படகுக்கா பயப்படுவேன்?"னு கேட்டுட்டாங்க.

பாய்மரம்:
நான் இப்பவும் மேதான் சொல்வேன். போறதுன்னு முடிவாயிட்டா, இறங்கின அன்னிக்கே தெற்குக்குக் கிளம்பாதீங்க. ரோத்தோஆவாவுல ஒரு ராத்திரி தங்கி, காத்து தணியற காலையாப் பார்த்துப் போங்க. திரும்புறப்போ கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல முழுசா ஒரு நாள் விடுங்க. அம்மாவைப் படகோட பின்பக்கம் உட்கார வைங்க, முன்பக்கம்தான் அதிகமாத் தூக்கிப் போடும்.