புதுப்பிப்பு: ஆனர்ஸ் ஆண்டில் சேர்ந்துவிட்டேன்

மெல்பர்னில் மூன்று வருட சுற்றுச்சூழல் அறிவியல் பட்டம் முடிகிறது, இன்னொரு வருடம் ஆனர்ஸ் (ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்து ஆய்வேடு எழுதும் கூடுதல் ஆண்டு) படிப்பதா, வேலைக்குப் போவதா என்று போன நவம்பரில் கேட்டிருந்தேன். "முதலில் நல்ல வழிகாட்டியைப் பிடி, தலைப்பு அப்புறம்" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அக்கா, உங்கள் பேச்சைக் கேட்டதுதான் நல்லதாகப் போயிற்று.

முதலில் எழுதிய பேராசிரியர் இரண்டு மாதம் பதிலே போடவில்லை. அடுத்துப் பார்த்தவர், "சேற்றில் இறங்குவாயா?" என்று மட்டும் கேட்டார். சரி என்றேன்.

ஆய்வுக் களம் கார்னர் இன்லெட் என்ற கடல் விரிகுடா, இங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர். உலகிலேயே அலையாத்தி வளரும் தென்கோடி இடம். குளிரில் மரங்கள் குட்டையாகத்தான் நிற்கின்றன, ஆனால் இனம் நம் பிச்சாவரத்தில் இருக்கும் அதே வெண்கண்டல். சின்ன வயதில் தாத்தாவோடு படகில் போய்ப் பார்த்த அதே மூச்சுவேர்கள் முழங்காலைச் சுற்றி நின்றபோது கண் கலங்கிவிட்டது.

நீர் வற்றும் நேரம் பார்த்து, சேற்று மாதிரி எடுக்க பிவிசி குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறோம். கறுப்புச் சேறு, அழுகிய முட்டை வாடை. அதைத் துண்டு போட்டு உலர்த்தி, 550 டிகிரி செல்சியஸில் எரித்து, அதில் எவ்வளவு எடை குறைந்தது என்பதை வைத்து மண்ணில் எவ்வளவு கரிமம் என்று கணக்கிடுகிறேன்.

முனைவர் பட்டம் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆனர்ஸில் 80 மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்து முதல் வகுப்பு வந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். என் ஆய்வேட்டை அக்டோபரில் கொடுக்க வேண்டும். இன்னும் பதினான்கு குழாய்கள் வெட்டப்படாமல் குளிர்பெட்டியில் கிடக்கின்றன.