7/8 ரிஃப்பும் 4/4 டிரம்ஸும் நாலாவது பார்ல பிரியுது, எங்க தப்பு?

காட்பாடி_கிட்டார்:
அண்ணன்மாரே, ஷீட் போட்ட ரூம்ல ப்ராக்டிஸ் பண்றோம். ரெண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு. வேகம் நிமிஷத்துக்கு 140 குவாட்டர் நோட் (ஒரு பீட்), எயித்னா அதுல பாதி. ரெண்டு எடத்துல உடையுது.

வெர்ஸ் (பாட்டு வரிகள் வர்ற பகுதி) முழுக்க எல்லாருமே 7/8, அதாவது ஒரு பாருக்கு (தாளத்தோட ஒரு ஆவர்த்தனம்) 7 எயித். மொத பார் முடியற எடத்துல டிரம்மர் ஒரு எயித் சேர்த்துடறார், பார் 8 ஆயிடுது. பிரிட்ஜ்ல (நடுவுல வர்ற மாறுபட்ட பகுதி) கிட்டார் அதே 7/8 ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன வாசிப்பு), டிரம்ஸ் நேரா 4/4, பாருக்கு 4 குவாட்டர். நாலாவது பார் பாதியில நானும் பேஸும் புது பார் ஆரம்பிச்சிடுச்சுன்னு நெனச்சு அடிக்கறோம், அதுக்கப்புறம் அரை பார் வித்தியாசத்துலயே ஓடுது.

டிரம்மர் ப்ளூடூத் இயர்போன்ல க்ளிக் (மெட்ரோனோமோட தாளச் சத்தம்) கேக்கறார், மெட்ரோனோம் 4/4. கீபோர்டு லூப் (திரும்பத் திரும்ப ஓடற பதிவு) லேப்டாப்ல இருந்து ஸ்பீக்கர்ல வருது.

ஆற்காட்டு_டிரம்ஸ்:
வெர்ஸ்ல ஹை-ஹேட் (காலால மூடற ஜோடி சிம்பல்) எப்படி போகுது? ரிஃப் எந்தப் பிரிவு, 3+4ஆ 4+3ஆ? வாயால சொல்லிப் பாத்துட்டு எழுது தம்பி.

காட்பாடி_கிட்டார்:
ஹேட் குவாட்டர் நோட்தான். ரிஃப் 2+2+3, அதாவது தகதிமி தகிட. டிரம்மர் கோயில் தவில் பழகினவர், 7ன்னா அவருக்கு மிஸ்ர சாப்பு (கர்நாடக சங்கீதத்துல 7 எண்ணிக்கை தாளம்) கணக்கு.

ஆற்காட்டு_டிரம்ஸ்:
வெர்ஸ் கோளாறுக்கு ரெண்டு காரணமும் இதுலயே இருக்கு.

7/8 ஒரு பார்ல மூணரை குவாட்டர்தான் அடங்கும். மொத பார்ல ஹேட் 1, 3, 5, 7வது எயித்ல விழும். ரெண்டாவது பார்ல 2, 4, 6ல. அப்போ ரெண்டாவது பார் தொடங்கற எடத்துல ஹேட்டே இல்ல. கைக்கு அது தப்பா தெரியும், உடனே ஒரு எயித் தள்ளி "சரி" பண்ணிடும். 4/4 க்ளிக்கும் அதே பக்கம்தான் இழுக்குது. மொத வேலை, 7ல விழற ஹேட்டை எடுத்துடுங்க. 1, 3, 5 மட்டும் அடிச்சா அடுத்த ஒண்ணு தானா வந்து விழும். கை பழகின பிறகு எல்லா எயித்தும் அடிக்கலாம், அழுத்தம் மட்டும் அதே 1, 3, 5ல.

மிஸ்ர சாப்பு தகிட தகதிமி, தட்டு 1, 4, 6. உங்க ரிஃப்போட அழுத்தம் 1, 3, 5. மொத்தம் ஏழுதான், ஆனா உள்ள மோதுது. டிரம்மரை தகதிமி தகிடன்னு சொல்லிக்கிட்டே வாசிக்கச் சொல்லுங்க. தவில் கைக்கு சொல்லுக்கட்டு மாத்தறது கஷ்டமில்ல, பார்ல நம்பர் எண்றதைவிட சீக்கிரம் பிடிக்கும்.

மெட்ரோனோமை 7/8க்கு மாத்துங்க. சில ஆப்ல வேக நம்பர் எயித்தைக் குறிக்கும், அங்க 280 வெக்கணும். உங்க வேகத்துல 7/8 ஒரு பார் சரியா 1.5 விநாடி, 20 பாருக்கு 30 விநாடி. ஸ்டாப்வாட்ச்ல பாத்துக்கோங்க, பாதி வேகத்துல ஓடினா உடனே மாட்டிக்கும்.

ராணிப்பேட்டை_பேஸ்:
பிரிட்ஜுக்கு நான் சொல்றேன். 4/4 ஒரு பார் 8 எயித், ரிஃப் 7. 8 ரிஃப் = 7 பார் = 56 எயித், 140ல 12 விநாடி. அதுக்குள்ள ஒவ்வொரு ரிஃப்பும் பார்ல ஒரு எயித் முன்னாடி நகரும். ஒத்தைப்படை ரிஃப்களைக் கவனிங்க: 3வது ரிஃப் ரெண்டாவது பாரோட 4வது பீட்ல தொடங்கும், 5வது நாலாவது பாரோட 3வது பீட்ல, 7வது ஆறாவது பாரோட 2வது பீட்ல, 9வது எட்டாவது பாரோட மொத பீட்ல.

ஸ்நேர் (குச்சியால அடிக்கற டிரம்) 2, 4ல, கிக் (காலால அடிக்கற பெரிய டிரம்) 1, 3லதானே? அப்போ 5வது ரிஃப் தொடங்கற நேரத்துல கிக் விழுது. ரிஃப் தலையும் கிக்கும் சேர்ந்து வந்தா காது அதை பாரோட மொத பீட்டுன்னே எடுத்துக்கும். நீங்க ஏமாறறது அங்கதான்.

அதனால டிரம்ஸை ஹாஃப் டைமுக்கு மாத்துங்க: கிக் 1ல, ஸ்நேர் 3ல மட்டும், க்ராஷ் சிம்பல் ஒவ்வொரு பார் ஒண்ணுலயும். 5வது ரிஃப் இப்போ ஸ்நேர் மேல விழும், குழப்பம் வராது. பேஸ் ரிஃப்பை விட்டுட்டு கிக்கோட போகட்டும். பேஸும் டிரம்ஸும் 4/4ல கெட்டியா நின்னாதான் மேல 7 நகர்றது கேக்கறவங்களுக்கு புரியும். மொதல்ல வேகம் 70ல பழகுங்க, ஒரு சுத்து 24 விநாடி. காதுக்கு லெட் செப்லின் 1975ல போட்ட 'காஷ்மீர்' கேளுங்க, கிட்டார் 3ல டிரம்ஸ் 4ல, 12 பீட்ல சேரும். உங்களதைவிட சின்ன சுத்து, பிடிக்க சுலபம்.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
ப்ளூடூத்தை முதல்ல கழட்டுங்கப்பா. 140ல ஒரு எயித் 214 மில்லிசெகண்ட். சாதாரண ப்ளூடூத் இயர்போன் தாமதம் 200ஐ தொடலாம். லூப் ஸ்பீக்கர்ல நேரா வருது, டிரம்மர் காதுல க்ளிக் கிட்டத்தட்ட ஒரு எயித் பின்னாடி. 7/8ல இதைவிட மோசமான தப்பு கெடையாது. ஒயர் இயர்போன் போடுங்க, க்ளிக்கும் லூப்பும் ஒரே ப்ராஜெக்ட்ல, ஒரே லேப்டாப்ல இருந்து: இடது சேனல் க்ளிக், வலது சேனல் லூப். ஸ்பீக்கருக்கு வலதை மட்டும் அனுப்புங்க.

காட்பாடி_கிட்டார்:
ரொம்ப நன்றிண்ணா. ஒரு சந்தேகம், பிரிட்ஜ்ல பாடறவருக்கு 8 பார் வேணும். 7 பார்ல சுத்து முடிஞ்சா?

ராணிப்பேட்டை_பேஸ்:
8 பார் = 64 எயித். 9 ரிஃப் 63. மீதி ஒண்ணை கடைசியில கையால ஸ்ட்ரிங்கை அமுக்கி வெறும் 'சக்'னு விடுங்க, ரெண்டு கிட்டாரும் சேர்ந்து. ரிஃப்போட கடைசி நோட்டை இழுத்து நிரப்பாதீங்க, பழைய 8 பழக்கம் திரும்ப வந்துடும். 4 பார்ல முடிக்கணும்னா 32 எயித், 4 ரிஃப் 28, மீதி 4க்கு ரிஃப்போட மொத தகதிமி மட்டும்.