சூமோ ஆரஞ்சு என்று வாங்கியது முள்ளாக வளர்கிறது, கின்னோ மஞ்சளாகிறது. என்ன செய்யலாம்?

இலக்கியம்பட்டி மாடி:
எல்லோருக்கும் வணக்கம். தருமபுரி இலக்கியம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று கமலா ஆரஞ்சுச் செடி வைத்திருக்கிறேன். மூன்றும் மூன்று விதமாகப் படுத்துகின்றன.

முதலாவது "சூமோ மாண்டரின்". இரண்டு வருடத்துக்கு முன்பு ஆன்லைனில் ஒரு நர்சரியில் 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கூரியர் தனி. ஆறு மாதத்தில் காய்க்கும் என்று போட்டிருந்தார்கள். இன்றைக்கு என்னைவிட உயரம், இலை பச்சைப் பசேல். ஆனால் ஒரு பூ கிடையாது. கிளை முழுக்க அரை விரல் நீளத்துக்கு முள். துணி காயப்போடப் போனால் புடவையைப் பிடித்து இழுக்கிறது.

இரண்டாவது கின்னோ, அதே கடை. முதல் வருடம் நன்றாக இருந்தது. இந்தக் கோடையிலிருந்து புதுத் தளிர் எல்லாம் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பழைய இலைகள் நுனியும் ஓரமும் கருகி உதிர்கின்றன.

மூன்றாவது நாக்பூர். வண்டியில் செடி விற்றுக்கொண்டு வந்தவரிடம் 150 ரூபாய்க்கு வாங்கியது. போன வருடம் ஏழு காய் பிடித்தது, ஒன்றுகூட ஆரஞ்சு நிறத்துக்கு வரவில்லை. தை மாதம் வரை காத்திருந்து பார்த்துவிட்டுப் பச்சையாகவே பறித்துத் தூக்கிப் போட்டேன்.

மூன்றும் 18-க்கு 18 அங்குலப் பையில் இருக்கின்றன. செம்மண், மாட்டெரு, தேங்காய் நார்க்கழிவு கலந்தது. மாதம் ஒரு கைப்பிடி டி.ஏ.பி. உரம், வாரம் ஒருமுறை பஞ்சகவ்யா, மாமியார் சொன்னபடி அவ்வப்போது புளித்த மோர். தினமும் தண்ணீர் விடுகிறேன். வீட்டுக்காரர் மூன்றையும் வெட்டிப் போட்டுவிட்டு இன்னொரு கறிவேப்பிலை வைக்கச் சொல்கிறார். ஏற்கெனவே ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. என்ன செய்யலாம்?

காரிமங்கலம் அக்கா:
எனக்கும் எலுமிச்சையில் இப்படி வந்தது கண்ணு. எப்சம் உப்பு ரெண்டு ஸ்பூன் போட்டேன், சரியாகிவிட்டது. போட்டுப் பாரு.

சந்தூர் ஒட்டு:
அக்கா, கொஞ்சம் பொறுங்கள். அந்தச் செடி ஏற்கெனவே எல்லாவற்றையும் தின்று உட்கார்ந்திருக்கிறது. இன்னும் ஓர் உப்பு வேண்டாம்.

மாடித் தங்கச்சி, நான் மாங்கன்று ஒட்டுக் கட்டுகிற ஆள். மாமரத்துக்கு நுனி ஒட்டு, ஆரஞ்சுக்கு மொட்டு கட்டுவது. முறைதான் வேறு, ஏமாற்று ஒன்றுதான். அந்தச் சூமோவின் அடித்தண்டைப் பாருங்கள், மண்ணிலிருந்து ஒரு ஜாண் உயரம் வரைக்கும். பையில் மண் ஏறியிருந்தால் விரலால் தள்ளிவிட்டுப் பாருங்கள். எங்கேயாவது வளைவு, முடிச்சு, பழைய பிளாஸ்டிக் நாடா இருக்கிறதா? இப்போதிருக்கும் கிளை அந்த முடிச்சுக்கு மேலேயிருந்து வருகிறதா, கீழேயிருந்தா? அப்புறம், முள்ளுச் செடியிலிருந்து ஓர் இலை, நாக்பூரிலிருந்து ஓர் இலை கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.

இலக்கியம்பட்டி மாடி:
அண்ணா, பார்த்தேன். மண்ணைத் தள்ளினால் நாடா இருக்கிறது. தண்டுக்குள்ளேயே இறங்கி இறுகிப் போயிருக்கிறது, கத்திரிக்கோல் நுனிகூட நுழையவில்லை. அதற்கு மேலே கட்டை விரல் அளவுக்குக் கருத்த குச்சி ஒன்று, காய்ந்து கிடக்கிறது. நகத்தால் சுரண்டினேன், உள்ளேயும் பழுப்பு. மூன்று பெரிய கிளையும் நாடாவுக்குக் கீழேதான் முளைத்திருக்கின்றன. இலை வாசம் அப்படியே எலுமிச்சை. நாக்பூர் இலையில் ஆரஞ்சுத் தோல் வாசம்.

சந்தூர் ஒட்டு:
அவ்வளவுதான். நீங்கள் வாங்கியது செத்துப்போய் ஒன்றரை வருடமாவது இருக்கும். நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்தது அடியில் இருந்த வேர்ச்செடியை. நம் பக்கம் ஆரஞ்சுக்கு ஜம்பேரி என்கிற காட்டு எலுமிச்சையையோ, ரங்பூர் எலுமிச்சையையோ விதைபோட்டு வளர்த்து, அதன்மேல் நல்ல ரகத்தின் மொட்டைக் கட்டுவார்கள். கட்டிய நாடாவை மொட்டு துளிர்த்ததும் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் அனுப்பிவிட்டார்கள், தண்டு பருத்ததும் கழுத்தை நெரித்துவிட்டது. மேலே செத்தால் கீழே இருக்கிறவன் சும்மா இருப்பானா? அவன் காட்டுப் பிறவி, முள்ளோடு கிளம்பிவிட்டான்.

இன்னும் இரண்டு மூன்று வருடம் விட்டால் காய்க்கவும் செய்யும். ஊறுகாய்க்கு ஆகும்.

பாலக்கோட்டான்:
850 ரூபாய்க்கு ஊறுகாய் மரம். கூரியர் தனி.

இலக்கியம்பட்டி மாடி:
சிரிக்காதீர்கள் அண்ணா, வீட்டில் இதைத்தான் மூன்று நாளாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்போது வெட்டிவிடட்டுமா?

சந்தூர் ஒட்டு:
வெட்டாதீர்கள்! இரண்டு வருடம் உங்கள் வெயிலையும் உங்கள் தண்ணீரையும் தாங்கி நிற்கிற வேர் அது, அதற்கு விலை கிடையாது. அதன்மேலேயே மொட்டு கட்டலாம்.

மூன்று கிளையில் பென்சில் பருமன் உள்ள இடத்தைப் பாருங்கள். மழை பெய்து செடி துளிர்க்கிற சமயம் பட்டை தானாகக் கழன்று வரும், அதுதான் நேரம். புரட்டாசி, ஐப்பசி சரியாக இருக்கும். கூரான பிளேடால் பட்டையில் மட்டும் ஆங்கில 'டி' எழுத்துபோல ஒரு கீறல், கட்டை வரை இறங்கக் கூடாது. நாக்பூர் செடியில் முற்றிய, உருண்டையான குச்சியாகப் பார்த்து, இலையை வெட்டிவிட்டுக் காம்பை மட்டும் விட்டு, அந்தக் கண்ணைக் கேடயம்போலச் சீவி எடுங்கள். கீறலுக்குள் மேலிருந்து கீழே சொருகி நாடாவால் சுற்றுங்கள், கண் மேலே தெரிகிற மாதிரி. சீவிய பக்கத்தில் கை படக் கூடாது, எச்சிலும் படக் கூடாது. சிலர் வாயில் வைத்துக்கொண்டே கட்டுவார்கள், நான் திட்டுவேன்.

மூன்று வாரத்தில் காம்பைத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் உதிர்ந்தால் பிடித்துவிட்டது. காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் போயிற்று. பிடித்ததும் நாடாவை அவிழ்ப்பது உங்கள் பொறுப்பு. கிளைக்கு ஒன்றாக மூன்று கட்டுங்கள், ஒன்றாவது பிடிக்கும்.

ஓசூர் பணி ஓய்வு:
சந்தூர்க்காரர் சொன்னது முழுக்கச் சரி. நான் கின்னோவைப் பற்றி மட்டும் கேட்கிறேன். என்ன தண்ணீர் விடுகிறீர்கள்? "தினமும்" என்று எழுதினீர்கள், எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை.

இலக்கியம்பட்டி மாடி:
போர் தண்ணீர் சார். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில் பிடித்துக் குடிக்க வைத்துக்கொள்கிறோம், செடிக்கு மிச்சமாகாது. கின்னோவுக்கு மட்டும்... ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகிற தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன். குழாய் மாடிக்குத்தான் வருகிறது, வீணாகப் போகக் கூடாதே என்று.

ஓசூர் பணி ஓய்வு:
எப்போதிலிருந்து?

இலக்கியம்பட்டி மாடி:
மிஷின் மாட்டியது மாசியில் சார். ஐயோ.

ஓசூர் பணி ஓய்வு:
வருத்தப்படாதீர்கள், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று நினைத்தது தப்பில்லை. ஆனால் நம் மாவட்டங்களில் நிலத்தடி நீரில் உப்பு கூடுதல். ஃபுளோரைடும் கூடுதல் என்றுதான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரில் நல்லதை உங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச உப்பையெல்லாம் திரட்டி வெளியே தள்ளுகிறது மிஷின். எலுமிச்சை, ஆரஞ்சு ஜாதி உப்பைத் தாங்காது. இலை நுனி கருகியது அதனால்தான்.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருப்பது இரும்பும் துத்தநாகமும் கிடைக்காத அடையாளம். மண்ணில் இல்லாமல் இல்லை. இந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், மண் காரத்தன்மைக்குப் போய்விடுகிறது, வேரால் எடுக்க முடிவதில்லை. பையின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? அதில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. போதாததற்கு மாதா மாதம் டி.ஏ.பி. அதில் இருக்கிற மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிதமிஞ்சினால் துத்தநாகம் இன்னும் முடங்கும்.

டி.ஏ.பி.யை நிறுத்துங்கள். மழை பெய்தால் மாடித் தண்ணீரைப் பிடித்து, பையின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள், உப்பு கழுவிப் போகும். அதன்பிறகு தளிர் விட்டதும் ஜிங்க் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம், சாயங்காலத்தில் தெளியுங்கள். வருடத்துக்கு மூன்று முறை போதும்: மார்ச், ஜூலை, அக்டோபர் தளிர்களுக்கு. இல்லையென்றால் பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கும் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமான ஐ.ஐ.எச்.ஆரின் நுண்ணூட்டக் கலவை, அர்கா சிட்ரஸ் ஸ்பெஷல் என்று வரும், பாக்கெட்டில் உள்ள அளவில் தெளிக்கலாம். இரும்பை மண்ணில் கொடுப்பதானால் கடையில் ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை நம் கார மண்ணில் நிற்காது.

மண்ணைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் உங்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் பையூர் ஆராய்ச்சி நிலையம்.

தளி மேட்டுக்காடு:
எல்லோரும் நாக்பூரை மறந்துவிட்டீர்கள். அக்கா, தூக்கிப்போட்ட ஏழு காயில் ஒன்றை உரித்துப் பார்த்தீர்களா?

இலக்கியம்பட்டி மாடி:
இல்லை. பச்சைக்காய் புளிக்கும் என்று பார்க்கவே இல்லை.

தளி மேட்டுக்காடு:
அடடா. கமலா ஆரஞ்சு பழுப்பதற்கும் நிறம் மாறுவதற்கும் சம்பந்தமில்லை. இரவு நன்றாகக் குளிர்ந்தால்தான் தோலில் பச்சை போய் ஆரஞ்சு வரும். எங்கள் தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் மார்கழி, தையில் ஓரளவு நிறம் ஏறுகிறது. ஏற்காட்டிலும் குடகிலும் அழகாக வரும். தருமபுரி மொட்டைமாடியில் சுவரெல்லாம் இரவு பத்து மணிக்கும் சூடு கக்கும், காய் பச்சையாகவே பழுத்து நிற்கும். பூத்து எட்டு, ஒன்பது மாதம் ஆனபின் காயை அழுத்திப் பாருங்கள். தோல் சுளையை விட்டுக் கழன்று தொளதொள என்று இருந்தால் பழம்தான். ஒன்றைப் பறித்துத் தின்று பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

கறிவேப்பிலை பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டும் ஒரே குடும்பம். கறிவேப்பிலைத் துளிரில் பிடிக்கிற சில்லிட் பூச்சிதான் ஆரஞ்சில் பச்சையாக்க நோயைப் பரப்புவது. மாடியின் எதிர்மூலைக்குத் தள்ளி வையுங்கள், துளிர் விடும்போது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். அந்த நோயில் இலையின் மஞ்சள் ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் ஒரு மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். உங்கள் கின்னோ இலை நடுநரம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளா?

இலக்கியம்பட்டி மாடி:
ஒரே மாதிரிதான், மடித்து வைத்துப் பார்த்தேன். வினிகரும் விட்டேன் சார், சோடாபோலப் பொங்கியது.

பாலக்கோட்டான்:
சரி, எனக்கு ஒரு சந்தேகம். உண்மையான சூமோ வேண்டுமென்றால் என்ன வழி? என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான், பொங்கலுக்கு வருகிறான். பெட்டியில் இரண்டு குச்சி வைத்துக்கொண்டு வரச் சொன்னால்?

ஓசூர் பணி ஓய்வு:
சொல்லாதீர்கள் தம்பி. 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதி இல்லாமல் செடியோ குச்சியோ கொண்டுவரக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு மொட்டில் நோய் வந்தால் மருந்து கிடையாது, பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும்.

சூமோ என்பது ரகத்தின் பெயர்கூட இல்லை, வியாபாரப் பெயர். ரகம் ஷிரானுயி. ஜப்பானில் 1972-இல் கியோமி, பொன்கான் என்கிற இரண்டு ஆரஞ்சு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது. தலையில் கொண்டை வைத்த பழம். அங்கே அதைத் தெகோபோன் என்ற பெயரில் விற்க இனிப்பு 13 பிரிக்ஸாவது (சாற்றின் இனிப்பை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், புளிப்பு 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்படி அளந்து விற்கிற பழத்தின் பெயரை ஒரு ஜம்பேரி கன்றில் கட்டி அனுப்புகிறார்கள். கின்னோவும் கலப்புதான், கலிபோர்னியாவில் உருவாக்கி 1935-இல் வெளியிட்டது. ஆனால் பஞ்சாபில் அபோகர் பக்கம் பல காலமாக விளைகிறது, அதனால் கன்று நிஜமாகக் கிடைக்கும். விதைதான் நிறைய இருக்கும்.

காரிமங்கலம் அக்கா:
தின்ற பழத்து விதையைப் போட்டால் முளைக்குமே, அது ஆகாதா?

தளி மேட்டுக்காடு:
முளைக்கும் அக்கா. கமலாவில் பெரும்பாலும் தாய்மாதிரியே வரும், ஒரே விதையில் இரண்டு மூன்று கன்றுகூட வரும். ஆனால் காய்க்க ஆறேழு வருடம், அதுவரை முள்.

சந்தூர் ஒட்டு:
இனி வாங்குகிறவர்கள் கூரியரில் வாங்காதீர்கள். நேரில் போய், ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் ஒரு ஜாணாவது உயரத்தில் இருக்கிறதா, நாடா அவிழ்த்திருக்கிறதா, இலையெல்லாம் முடிச்சுக்கு மேலிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். வேர்ச்செடி என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாதவனிடம் வாங்காதீர்கள். நடும்போது முடிச்சை மண்ணில் புதைக்காதீர்கள். மாடித் தங்கச்சி கன்றில் முடிச்சு மண்ணுக்குள்ளே போயிருந்ததால்தான் இரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை.

இலக்கியம்பட்டி மாடி (கார்த்திகையில்):
எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன். ஆர்.ஓ. தண்ணீர்க் குழாயைக் கீழே கழிப்பறைப் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டோம். ஐப்பசி மழையில் கின்னோ பையை இரண்டு முறை கழுவினேன். ஜிங்க் ஒருமுறை தெளித்தேன். பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இப்போது வந்த ஒரு சாண் தளிர் முழுக்கப் பச்சை.

முள்ளுச் செடியில் மூன்று மொட்டு கட்டினேன். ஒன்று கருத்துவிட்டது, கை பட்டிருக்கும். இரண்டில் காம்பு தொட்டதும் விழுந்தது. நேற்று நாடாவை அவிழ்த்தேன் அண்ணா. அரிசி அளவுக்கு ஒன்று துளிர்த்திருக்கிறது, மற்றது இன்னும் தூங்குகிறது. மேலே இருக்கும் முள் கிளையை எப்போது வெட்டட்டும்?

நாக்பூரில் இந்த வருடம் நான்கு காய். பச்சையாகவே ஒன்றைப் பறித்து மாமியாரிடம் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே வாயில் போட்டவர், மிச்சம் மூன்றும் தனக்கு என்று சொல்லியிருக்கிறார்.

சந்தூர் ஒட்டு:
துளிர் ஒரு ஜாண் வளரட்டும், அப்புறம் மொட்டுக்கு நான்கு விரல் மேலே வெட்டுங்கள். ஒரேயடியாக வேண்டாம். முதலில் பாதி வெட்டி மடக்கிவிடுங்கள், பத்து நாள் கழித்து மீதி. கீழேயிருந்து முள் துளிர் வந்தால் நகத்தாலேயே கிள்ளிவிடுங்கள்.