சர் சி.வி. ராமன் பெயர் தாங்கிய நிலவுப் பள்ளத்தை 6 அங்குலத் தொலைநோக்கியால் படமெடுக்க முடியுமா?

மலைக்கோட்டைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட டாப்சோனியன் (எளிய சுழல்தாங்கியில் நிற்கும் ஆடி வகை) தொலைநோக்கி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். ஐபீஸின் (கண்வைத்துப் பார்க்கும் லென்ஸின்) மேல் கைப்பேசியைப் பொருத்தும் கிளாம்ப் இருக்கிறது. தனியான கேமரா இல்லை. எங்கள் ஊரில் பிறந்த சர் சி.வி. ராமனின் பெயர் நிலவின் ஒரு பள்ளத்துக்குச் சூட்டப்பட்டிருப்பதாக அறிந்ததிலிருந்து, அதை நானே படமெடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பௌர்ணமி இரவில் நிலவு மிகவும் வெளிச்சமாக இருக்கும் என்பதால் அன்றுதான் எடுத்துப் பார்த்தேன். டைக்கோ பள்ளத்திலிருந்து கிளம்பும் வெண்கதிர்கள் தெரிகின்றனவே தவிர, பள்ளம் என்று சொல்லத்தக்க எதுவும் படத்தில் இல்லை. 150 மி.மீ. தொலைநோக்கிக்கு இது எட்டக்கூடிய இலக்குதானா? எட்டும் என்றால் எந்த நாளில், எப்படி எடுக்க வேண்டும்?

பிறைக்கணக்கு:

எட்டும். ஆனால் பௌர்ணமியன்று எட்டாது. அன்று சூரியன் ஏறக்குறைய நமக்குப் பின்னாலிருந்து நிலவின் மீது ஒளி வீசுவதால், நிழல்கள் எல்லாம் அவற்றை உண்டாக்கும் மேடுகளுக்குப் பின்னே மறைந்துவிடுகின்றன. வெளிச்சம் அதிகம் இருந்தும் தரையின் ஏற்ற இறக்கம் தெரியாமல் போவது இதனால்தான். பள்ளம் தெரிய வேண்டுமானால், அந்த இடத்தில் சூரியன் அப்போதுதான் உதித்திருக்க வேண்டும், அல்லது மறையும் தறுவாயில் இருக்க வேண்டும். நிலவின் பகலையும் இரவையும் பிரிக்கும் எல்லையை அந்திக்கோடு என்று வைத்துக்கொண்டால், உங்கள் இலக்கு அந்தக் கோட்டுக்கு மிக அருகில், வெளிச்சமான பக்கத்தில் இருக்கும் இரவே உங்களுக்குரிய இரவு.

அந்த இரவைக் கண்டுபிடிக்க வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியே போதும். சூரியனிலிருந்து நிலவு 12 பாகை விலகினால் ஒரு திதி என்பது பஞ்சாங்கக் கணக்கு. நிலவின் அந்திக்கோடும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 பாகைதான் நகர்கிறது. எனவே வளர்பிறையில் விலகல் 90 பாகையாகும் அஷ்டமியில் கோடு நிலவின் நடுவே நிற்கும். ராமன் பள்ளம் மேற்குத் தீர்க்கரேகை 55 பாகையை ஒட்டி இருப்பதால், அங்கே சூரியன் உதிப்பதற்கு விலகல் 145 பாகையாக வேண்டும். அதாவது துவாதசி முடிந்து திரயோதசி தொடங்கும் வேளை. வெயில் சற்று ஏற வேண்டும் என்பதால், இரவு நேரத்தில் திரயோதசி இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று இரவு 10 மணியளவில் நிலவு உச்சியை நெருங்கியிருக்கும். நிலவு நம்மை நோக்கிக் கிழக்கு மேற்காக 8 பாகை வரை அசைந்தாடுவதால் இந்தக் கணக்கு அரை நாளுக்கு மேலும் முன்பின் ஆகலாம். ஆகவே அதற்கு முந்தைய இரவிலும் பின்னிரவு வரை ஒரு கண் வைத்திருப்பது நல்லது.

இனி அளவு. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் கிடைக்கும் ஆர்க் செகண்டு, நிலவின் சராசரித் தொலைவான 3,84,400 கி.மீ.யில் ஏறக்குறைய 1.9 கி.மீ. நீளத்தைக் குறிக்கும். 150 மி.மீ. கண்ணாடியின் பிரித்தறியும் எல்லை 0.77 ஆர்க் செகண்டு. நிலவில் அது சுமார் 1.4 கி.மீ. ராமன் பள்ளத்தின் விட்டமோ ஏறத்தாழ 10 கி.மீ. ஆனால் அது ஓரத்தை நோக்கி இருப்பதால், நமக்கு ஒரு பக்கம் 10 கி.மீ.யாகவும் மறு பக்கம் 5 கி.மீ.யாகவும் நசுங்கிய நீள்வட்டமாகவே தெரியும். இருந்தாலும் உங்கள் கருவியின் எல்லைக்குள் தாராளமாக அடங்குகிறது.

முதலில் விக்ரம் சாராபாய் பெயரிலுள்ள பள்ளத்தை எடுத்துப் பழகுங்கள் என்பது என் யோசனை. அது சுமார் 8 கி.மீ. விட்டமே உடையது என்றாலும், மாரே செரெனிட்டாடிஸ் என்னும் நிலவுக் ‘கடலின்’ சமதளத்தில், பெசல் என்னும் 16 கி.மீ. பள்ளத்துக்கு வடகிழக்கே தனித்து நிற்பதால் அடையாளம் காண்பது எளிது. அதற்கு வளர்பிறை சப்தமி ஏற்றது. விஞ்ஞானிகள் ஹோமி பாபா, ஜெகதீஷ் சந்திர போஸ், மேகநாத் சாகா ஆகியோரின் பெயர் பெற்ற பள்ளங்கள் நிலவின் மறுபக்கத்தில் இருப்பதால், எவ்வளவு பெரிய தொலைநோக்கி வாங்கினாலும் பூமியிலிருந்து அவற்றைப் பார்க்க வழியில்லை.

ஒளிவட்டு:

மேலே சொல்லப்பட்ட நாள் கணக்கை அப்படியே ஏற்கிறேன். நான் கேமராவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கைப்பேசியைத் தானியங்கி முறையில் விட்டுவிட்டால், அது சுற்றியுள்ள கருவானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு நிலவை வெளிறடித்துவிடும். அமைப்புகளை நாமே மாற்றும் ப்ரோ முறைக்கு மாறி, ஐஎஸ்ஓ என்னும் ஒளியுணர்திறனை 100 அல்லது அதற்கும் கீழே வைத்து, அரிஸ்டார்க்கஸ் பள்ளம் வெள்ளைப் புள்ளியாக எரிந்துபோகாத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். நம் பக்கத்து நிலவில் மிகுந்த ஒளியுடைய இடங்களில் அது ஒன்று. அது எரியாமல் இருந்தால் வேறெதுவும் எரியாது. டாப்சோனியன் தாங்கி வானத்தோடு சேர்ந்து சுழலாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். நிலவு நொடிக்கு ஏறக்குறைய 15 ஆர்க் செகண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். 1/60 நொடி திறந்து வைத்தால் அதற்குள் கால் ஆர்க் செகண்டு கலங்கிவிடும். 1/100 நொடியோ அதைவிட வேகமாகவோ வைப்பதே பாதுகாப்பு.

தனிப்படம் எடுக்க வேண்டாம், காணொளி எடுங்கள். காற்றின் அலைச்சலில் பிம்பம் ஒவ்வொரு நொடியும் பலமுறை நெளிகிறது. ஓரிரு கணங்கள்தான் அது தெளிவாக நிற்கும். ஆயிரக்கணக்கான சட்டகங்களில் சிறந்த பத்து விழுக்காட்டைப் பொறுக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும் வேலையை ஆட்டோஸ்டாக்கர்ட் என்னும் இலவச மென்பொருள் செய்துவிடும். அடுக்கி முடித்த படம் முதலில் மங்கலாகவே இருக்கும். அதை ரெஜிஸ்டாக்ஸ் என்னும் மென்பொருளில் வேவ்லெட் முறையில் கூர்மையாக்கும்போதுதான் நுண்விவரங்கள் வெளிப்படும். பள்ளங்களின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

கைப்பேசியின் காணொளி சுருக்கப்பட்டுப் பதிவாவதால், நுண்விவரம் அங்கேயே கொஞ்சம் தொலைந்துபோகிறது. ராமன் பள்ளம்தான் குறி என்றால் சிறிய கோள்படக் கேமரா ஒன்றையும் குவியத் தூரத்தை இரண்டு மடங்காக்கும் பார்லோ லென்ஸையும் வாங்கிவிடுவதே நல்லது. 2.9 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவுக்குக் குவிய விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது), அந்த 2.9இன் ஐந்து மடங்கான 14.5க்கு அருகில் இருக்க வேண்டும். உங்கள் 8ஐப் பார்லோ 16 ஆக்கிவிடுகிறது. அப்போது பிக்சல் ஒன்றுக்குக் கால் ஆர்க் செகண்டு வீதம், ராமன் பள்ளம் ஏறத்தாழ 22 பிக்சல் நீளமும் 11 பிக்சல் அகலமுமாகப் பதியும்.

கூரைக்காற்று:

கேமரா வாங்குவதற்கு முன் மொட்டை மாடியைக் கவனியுங்கள் என்பேன். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும்; அந்தக் காற்று உங்கள் குழாயின் வாய்க்கு முன்பாகவே கொதிநீர்போல் தளும்பும்போது எந்தக் கேமராவாலும் பயனில்லை. வீட்டு முற்றத்திலோ புல்தரையிலோ இடம் இருந்தால் அங்கே இறக்கிவிடுங்கள். மாடிதான் கதி என்றால் மாலையிலேயே தரையில் தண்ணீர் தெளித்து, பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி இருக்கும் திசையைத் தவிர்த்து, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்து ஆற விடுங்கள். ஆடிகளின் ஒழுங்கமைப்பையும், அதாவது கொலிமேஷனையும், அன்றன்றைக்குச் சரிபார்க்க வேண்டும். சற்றே பனிமூட்டமாகத் தோன்றும் இரவுகளை ஒதுக்கிவிட வேண்டாம். காற்று அசையாத அத்தகைய இரவுகளில் நிலவு பெரும்பாலும் பளிங்குபோல் நிற்கிறது. பளிச்சென்று விண்மீன்கள் மின்னும் இரவுதான் நம்மை ஏமாற்றும்.

பார்லோவைப் பற்றியும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. நம் ஊரின் சாதாரண இரவுகளில் காற்று இரண்டு ஆர்க் செகண்டுக்குக் கீழே தெளிவதே அரிது என்பதால், பார்லோ இல்லாமல் எடுத்தாலும் பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள். சாராபாய் பள்ளத்தைக் கைப்பேசியாலேயே பதிவு செய்ய முடியும்.

மலைக்கோட்டைவாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. விடியற்காலையில் மாடி குளிர்ந்திருக்கும் என்பதால், தேய்பிறையில் எடுத்தால் நன்றாக வருமா? மேலும், ஐபீஸில் எல்லாம் தலைகீழாகத் தெரியும்போது ராமன் பள்ளத்தை எப்படித் தேடுவது?

பிறைக்கணக்கு:

சாராபாய்க்குத் தேய்பிறை மிகவும் பொருத்தம். தேய்பிறை பஞ்சமிக்கும் சஷ்டிக்கும் இடைப்பட்ட விடியலில், நான்கு, நான்கரை மணி வாக்கில் நிலவு உச்சிக்கு அருகில் இருக்க, அந்தப் பள்ளத்தில் சூரியன் மறைந்துகொண்டிருக்கும். நிழல்கள் வளர்பிறையில் விழுவதற்கு எதிர்ப்பக்கமாக விழுவதால் அதே இடம் வேறு முகம் காட்டும். நிலவு நேர் உச்சியில் நிற்கும்போது மட்டும் டாப்சோனியனை நகர்த்துவது சிரமம். அதற்கு அரை மணி முன்போ பின்போ எடுத்துக்கொள்ளுங்கள். ராமனுக்கு இது பொருந்தாது. தேய்பிறை துவாதசி, திரயோதசியில் நிலவு சூரியனுக்கு 50 பாகைக்குள் வந்துவிடுவதால், விடியும் முன் கீழ்வானத்தை விட்டு அதிகம் உயராது. தாழ்வான வானத்தின் தடித்த காற்றில் 5 கி.மீ. அகலமுள்ள நீள்வட்டம் கரைந்துபோகும்.

உங்கள் டாப்சோனியனில் உள்ள நியூட்டோனியன் ஆடி அமைப்பு பிம்பத்தை 180 பாகை சுழற்றிக் காட்டுகிறதே ஒழிய இடவலமாக மாற்றுவதில்லை. ஆகவே வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்தால் போதும். முதலில் 40 கி.மீ. விட்டமுள்ள, கண்கூசும் அரிஸ்டார்க்கஸைப் பிடியுங்கள். அதன் மேற்கே ஒட்டினாற்போல், எரிமலைக் குழம்பு நிரம்பிய மந்தமான தரையுடன், ஏறக்குறைய அதே அளவில் ஹெரோடோட்டஸ் இருக்கும். அதற்கு வடக்கிலிருந்து நெளிந்து செல்லும் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு உங்கள் கருவியில் நன்றாகவே தெரியும். ஹெரோடோட்டஸிலிருந்து வடமேற்கே, அதன் விட்டத்தைப் போல் ஐந்து மடங்கு தொலைவில், இவையெல்லாம் அமைந்துள்ள மேட்டுநிலத்தின் மேற்கு விளிம்பை ஒட்டி நீள்வட்டமாக இருப்பதே ராமன். பழைய வரைபடங்களில் அது ‘ஹெரோடோட்டஸ் டி’ என்று குறிக்கப்பட்டிருக்கும். நிலவின் மேற்கு விளிம்பு அசைந்தாடி நம் பக்கம் திரும்பியிருக்கும் மாதமாகப் பார்த்துக்கொண்டால் நீள்வட்டம் சற்று அகலமாகக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் நிலவும் உயரமாக ஏறும் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.